குடிநோயிலிருந்து மீள்பவருக்குத் துணை நிற்பது: குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் முழுமையான வழிகாட்டி

குடியை நிறுத்த ஒருவர் சம்மதித்துவிட்டால், வீட்டில் இருக்கும் பணம், லீவு, பொறுமை, சொந்தக்காரர்களின் ஒத்தாசை எல்லாமே முதல் பத்து நாளில் தீர்ந்துவிடுகின்றன. ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள், பக்கத்தில் மாறி மாறிப் படுத்துக்கொள்கிறார்கள், டிஸ்சார்ஜ் ஆனதும் வீட்டில் விட்டுவிட்டு அவரவர் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். உடம்பிலிருந்து மது இறங்க ஒரு வாரம் போதும். தூக்கமும் கோபமும் ஆசையும் ஒரு நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். மறுபடி குடிக்கத் தொடங்குகிறவர்களில் பெரும்பாலோர் விழுவது முதல் மூன்று மாதங்களில்தான். எனவே சேமிப்பையும் ஆள்பலத்தையும் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய நாட்களுக்கென்று பாதியாவது ஒதுக்கி வையுங்கள். கீழே வருவதை அந்தக் கணக்கோடு படியுங்கள்.

இது மதுவுக்கான வழிகாட்டி. கஞ்சா, வலி மாத்திரை, ஹெராயின் ஆகியவற்றை நிறுத்தும்போது உடம்பு வேறு மாதிரி நடந்துகொள்ளும். அதற்குத் தனி மருத்துவம் உண்டு. பேசும் முறை, வீட்டை மாற்றும் முறை ஆகிய பகுதிகள் மட்டும் எல்லாவற்றுக்கும் பொருந்தும். குடிக்கும் பெண்களுக்கும் இதே வழிதான். ஆனால் அவர்கள் மறைத்துக் குடிப்பதால் சிகிச்சைக்குப் பிந்தி வருகிறார்கள், ஆண்களைவிடக் குறைந்த அளவிலேயே அவர்களுக்குக் கல்லீரல் கெட்டுவிடுகிறது.

முதலில் அளவை எழுதுங்கள்

மருத்துவரைப் பார்க்கும் முன் ஒரு நோட்டில் இவற்றைக் குறித்து வையுங்கள்: ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை வருடமாக, நாளின் முதல் கட்டிங் எத்தனை மணிக்கு, கடைசியாகக் குடித்தது எப்போது. இதற்கு முன் நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, உளறினாரா என்பதும் வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், மஞ்சள் காமாலை, ரத்த வாந்தி, தலையில் அடிபட்டது இருந்தால் அதையும் எழுதுங்கள்.

அளவைக் கணக்கிடுவது எளிது. டாஸ்மாக் குவார்ட்டர் 180 மி.லி.; அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம். அதாவது சுமார் 77 மி.லி. சுத்த ஆல்கஹால், எடையில் 60 கிராம். உலக சுகாதார நிறுவனம் 10 கிராமை ஓர் அலகாக வைத்துக் கணக்கிடுகிறது. ஆக, “ஒரே ஒரு குவார்ட்டர்தான்” என்பது ஆறு அலகு. 650 மி.லி. பீர் பாட்டிலில், ஸ்ட்ராங் வகை 8 சதவீதமாக இருந்தால், சுமார் 40 கிராம் இருக்கும். “பீர்தானே” என்று விட்டுவிடுவதற்கில்லை.

அளவைவிடவும் எச்சரிக்கையானது நேரம். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, டீ கிளாஸைப் பிடிக்க முடியவில்லை, ஒரு கட்டிங் போட்டால் நடுக்கம் நிற்கிறது என்றால் உடம்பு மதுவைச் சார்ந்துவிட்டது என்று பொருள். அப்படிப்பட்டவர் வீட்டிலேயே சட்டென்று நிறுத்துவது ஆபத்து.

நிறுத்திய முதல் நான்கு நாட்கள்

தினமும் குடிப்பதால் ஏற்படும் அமுக்கத்தைச் சமாளிக்க மூளை தன் வேகத்தைக் கூட்டி வைத்திருக்கும். மது திடீரென இல்லாமல் போகும்போது அந்த வேகம் மட்டும் மிஞ்சுகிறது. நடுக்கம், வியர்வை, படபடப்பு எல்லாம் அதனால்தான்.

கடைசியாகக் குடித்த 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, குமட்டல், தூக்கமின்மை தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில்தான் மிகக் கடுமையான கட்டம். ஆளுக்கு நேரம், இடம் தெரியாது. சுவரில் எறும்பு ஊர்கிறது, பாம்பு வருகிறது என்பார். கொத்தனாராக இருந்தால், இல்லாத செங்கல்லை அடுக்குவார். டிரைவர் கட்டிலில் உட்கார்ந்து ஸ்டியரிங் திருப்புவார். காய்ச்சலும் வேகமான நாடித்துடிப்பும் கூடவே இருக்கும். இதைப் பேய் பிடித்ததாக நினைத்து மந்திரிக்கக் கூட்டிப்போய் ஒரு நாளை வீணாக்கியதால் இறந்தவர்கள் உண்டு. இது மருத்துவ அவசரநிலை, 108-ஐ அழைக்க வேண்டிய நேரம்.

இந்தக் கட்டம் குடியை நிறுத்தத் தீர்மானித்தவருக்கு மட்டும் வருவதில்லை. சபரிமலைக்கு மாலை போட்ட மூன்றாம் நாள் வரலாம். டாஸ்மாக் மூடியிருக்கும் விடுமுறை நாளில் வரலாம். பைக்கிலிருந்து விழுந்து கால் முறிந்து எலும்பு முறிவு வார்டில் படுத்திருக்கும்போது வரலாம். கடைசியாகச் சொன்னதில்தான் குடும்பத்தினர் அதிகம் தவறுகிறார்கள். மானத்துக்குப் பயந்து குடிப்பழக்கத்தை மறைத்துவிடுகிறார்கள். எந்த வார்டில் சேர்த்தாலும், எந்த ஆபரேஷனுக்கு முன்பும், “தினமும் இவ்வளவு குடிப்பார், கடைசியாக நேற்று ராத்திரி குடித்தார்” என்று டியூட்டி டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

வலிப்பு வந்தால் இரும்புச் சாவியைக் கையில் திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கை காலை அழுத்திப் பிடிக்காதீர்கள். சுற்றிலும் உள்ள பொருட்களை நகர்த்தி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, சட்டைப் பொத்தானைத் தளர்த்தி, எத்தனை நிமிடம் நீடித்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு தடவையிலேயே நின்றுவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், இரண்டாவது வரக்கூடும்.

இன்னொன்று நம் ஊர் வழக்கம். ஆள் சோர்ந்து கிடந்தால் தெருமுனை கிளினிக்கில் ‘குளுக்கோஸ் ஏற்றுவது’. நெடுநாள் குடித்தவர்கள் சரியாகச் சாப்பிடாததால் அவர்கள் உடம்பில் தயமின் என்னும் பி1 வைட்டமின் மிகக் குறைவாக இருக்கும். அந்த நிலையில் வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏறினால், மிச்சமிருக்கும் தயமினும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். கண் அசைவு தடுமாறும், நடை தள்ளாடும், குழப்பம் வரும். காலம் கடந்தால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடும். “தயமின் ஊசி போட்டீங்களா டாக்டர்?” என்று தயங்காமல் கேளுங்கள். வெறும் பி-காம்ப்ளக்ஸ் மாத்திரை அந்த வேளையில் போதாது.

மருத்துவமனையில் நடுக்கத்துக்குத் தருவது பெரும்பாலும் குளோர்டயசெபாக்சைடு அல்லது டயசெபாம். கல்லீரல் கெட்டிருந்தால் லோராசெபாம். நாளுக்கு நாள் அளவைக் குறைத்து ஒரு வாரம், பத்து நாளில் நிறுத்திவிடுவார்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் அட்டை உங்கள் கையில் இருக்கட்டும். இந்த மாத்திரைக்கும் அடிமையாக முடியும். இதைப் போட்டுக்கொண்டு மேலே குடித்தால் மூச்சு அடங்கும் அபாயம் உண்டு. தூக்கம் வரவில்லை என்று பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் மறுபடி வாங்குவதைத் தடுத்துவிடுங்கள்.

கள்ளச்சாராயம் குடித்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் கணக்கே வேறு. வயிற்றுவலி, வாந்தி, மூச்சு வாங்குதல், கண் மங்குதல் இவை சில மணி நேரம் கழித்தோ மறுநாளோதான் தெரியும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது, கள்ளச்சாராயத்தில் இருந்த மெத்தனால் என்னும் விஷ ஆல்கஹால்தான். கண் மங்கும்வரை காத்திருக்கக் கூடாது. கூடக் குடித்தவர்களில் ஒருவருக்கு வந்தாலும் எல்லோரையும் அழைத்துப் போங்கள்.

சம்மதிக்க வைப்பது: எப்போது, எப்படி

போதையில் இருப்பவரிடம் பேசுவதால் பயன் இல்லை. மறுநாள் காலையில், தலைவலியோடும் வெட்கத்தோடும் அவர் உட்கார்ந்திருக்கும் நேரமே சரியான நேரம். வேலை போனது, மஞ்சள் காமாலை வந்தது, மகள் பேசாமல் இருப்பது போன்ற ஏதாவது ஒன்று நடந்த இரண்டு மூன்று நாட்களுக்குள் பேசுங்கள். ஒருவர் மட்டும் பேச வேண்டும். பெரியப்பா, சித்தப்பா, மச்சான் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பஞ்சாயத்து வைத்தால் அவர் தலையாட்டுவார், சாயங்காலம் அதே கோபத்தில் குடிப்பார்.

பேச்சு ஐந்து நிமிடத்துக்குள் இருக்கட்டும். நடந்த ஒரு நிகழ்ச்சி, அதில் உங்களுக்கு என்ன ஆனது, இப்போது என்ன செய்யலாம் என்ற மூன்று மட்டும் போதும்:

“என்னங்க, நேத்து ராத்திரி நீங்க வண்டியில விழுந்து வந்தப்போ பிள்ளைங்க ரெண்டும் தூங்கவே இல்ல. எனக்கும் பயமா இருந்துச்சு. வியாழக்கிழமை ஜி.எச்.ல மனநல டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு வரலாம், நானும் வர்றேன்.”

“உங்க அப்பா மாதிரியே நீங்களும்” என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே செத்துவிடும். “குடிகாரன்” என்ற சொல்லும் அப்படித்தான். அவர் மறுத்தால் மல்லுக்கட்ட வேண்டாம். “சரி, அடுத்த வாரம் மறுபடி கேக்குறேன்” என்று விடுங்கள். ஆனால் அப்பாயின்ட்மென்ட், வண்டி, கூட வரும் ஆள் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். சம்மதம் ஒரு காலைப்பொழுதுக்கு மேல் தாங்குவதில்லை.

அமெரிக்காவில் ராபர்ட் மேயர்ஸ் உருவாக்கிய ‘கிராஃப்ட்’ என்ற குடும்பப் பயிற்சி இந்த வழியில்தான் போகிறது. குடிக்காத நேரத்தில் அன்பைக் கூட்டுவது, குடித்த நேரத்தில் சண்டையும் சேவையும் இல்லாமல் விலகிக்கொள்வது, குடியின் விளைவை அவரே சந்திக்க விடுவது, சரியான நேரத்தில் சிகிச்சையை முன்வைப்பது என்பவை அதன் அடிப்படை. 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தப் பயிற்சி பெற்ற குடும்பங்களில் 64 சதவீதத்தினர் மறுத்துவந்தவரைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தனர். எல்லோரும் கூடி நேருக்கு நேர் வற்புறுத்தும் முறையில் அது 30 சதவீதமாகத்தான் இருந்தது.

‘சேவையை நிறுத்துவது’ என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். மேனேஜருக்கு போன் செய்து “அவருக்குக் காய்ச்சல்” என்று பொய் சொல்வது, கடைக்காரரிடம் அவர் வைத்த கடனை அடைப்பது, உடைத்த பொருளை அவர் எழும் முன்பே அள்ளிவிடுவது, “வீட்டிலேயே குடிக்கட்டும்” என்று நீங்களே வாங்கித் தருவது இவற்றை நிறுத்துங்கள். சாப்பாடு போடுவதை, மருந்து தருவதை, மயங்கிக் கிடந்தால் ஒருக்களித்துப் படுக்கவைப்பதை நிறுத்தாதீர்கள். அவரைப் பட்டினி போட்டால் தயமின்தான் இன்னும் குறையும்.

சத்தியம் வாங்குவது, கோயிலில் கயிறு கட்டுவது பற்றி: நம்பிக்கை ஒருவருக்கு உண்மையிலேயே வலு தருமானால் தடுக்க வேண்டாம், கயிறும் கட்டட்டும், மாத்திரையும் போடட்டும். ஆனால் பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்ய வைப்பது கெடுதல். ஒரு நாள் தவறிவிட்டால், “சத்தியம்தான் போச்சே” என்று முழுக்க இறங்கிவிடுவார். அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் குற்றவுணர்வு அவரையும், பயம் பிள்ளையையும் தின்னும். மாலை போட்டு 48 நாள் இருந்தவருக்கு அபாயமான நாள் மாலை கழற்றும் நாள். விரதம் முடியும் அந்த வாரத்திலேயே மருத்துவரைப் பார்க்கும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். ஒரு மண்டலம் குடிக்காமல் இருந்த உடம்பு சிகிச்சை தொடங்க மிக நல்ல நிலையில் இருக்கும்.

எங்கே அழைத்துப் போவது

எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருந்தார். இடமே இல்லாததால் மட்டும் அப்படி ஆகவில்லை, எங்கே போவதென்று தெரியாததும் ஒரு காரணம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு, மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மாவட்ட மனநலத் திட்டம், சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் ஆகியவற்றில் இலவசமாகப் பார்க்கலாம். 2025-இல் அரசு மருத்துவமனைகளில் ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்கள் தொடங்கப்பட்டன. மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் மானியத்தில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மறுவாழ்வு மையங்களும் உண்டு. பக்கத்தில் எது இருக்கிறது என்று 14446-ஐ அழைத்துக் கேளுங்கள். மனநல ஆலோசனைக்கு டெலிமானஸ் 14416, தமிழிலேயே பேசுவார்கள். சென்னை இந்திரா நகரில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் கிளினிக்கல் ரிசர்ச் ஃபவுண்டேஷன் நீண்ட அனுபவம் உள்ள இடம். அங்கே குடும்பத்தாரையும் சிகிச்சைக்குள் கொண்டுவருகிறார்கள்.

தனியார் மையத்தில் சேர்ப்பதானால் பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை இவை. மாநில மனநல ஆணையத்தில் பதிவு உண்டா, சான்றிதழைக் காட்டுங்கள். மனநல மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார்? முதல் நான்கு நாள் ராத்திரி நர்ஸ் யார்? வலிப்பு வந்தால் எந்த மருத்துவமனைக்கு அனுப்புவீர்கள்? நாங்கள் போனில் பேசலாமா, எந்தக் கிழமை பார்க்கலாம்? டிஸ்சார்ஜுக்குப் பிறகு எத்தனை மாதம் தொடர்பில் இருப்பீர்கள்? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாத இடம், கட்டில் வாடகைக்கு விடும் இடம் மட்டுமே.

ராத்திரி வேன் அனுப்பிக் கையைக் கட்டித் தூக்கிப்போகும் மையங்களை நம்பாதீர்கள். “ஒரு மாசம் போன் பேசக் கூடாது” என்றாலும், ‘அடிச்சாத்தான் திருந்துவாங்க’ என்ற தொனி எங்கே தெரிந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது 28 பேர் சங்கிலியில் கட்டப்பட்டபடியே இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை முற்றாகத் தடைசெய்கிறது. மது, போதைப் பொருளால் வரும் மனநோய் நிலைகளும் அந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. தானாக முடிவெடுக்க முடியாத நிலையில் உள்ளவரை உறவினர் கோரிக்கையின் பேரில் சேர்க்க அதில் வழி உண்டு. ஆனால் அதற்கு மருத்துவர்களின் பரிசோதனையும் 30 நாள் வரம்பும் உண்டு.

எல்லோரும் உள்நோயாளியாகத் தங்க வேண்டியதில்லை. வலிப்பு வரலாறு இல்லை, மற்ற நோய் இல்லை, வீட்டில் குடிக்காத ஒரு பெரியவர் பத்து நாள் கூடவே இருப்பார், மருத்துவமனை அரை மணி நேரத் தொலைவில் இருக்கிறது என்றால் வெளிநோயாளியாகவே மருந்தோடு நிறுத்தலாம். மீதமாகும் பணம் பின்னால் உதவும்.

ஆசையைக் குறைக்கும் மருந்துகள்

நால்ட்ரெக்சோன், தினம் ஒன்று 50 மி.கி.; குடிப்பதில் கிடைக்கும் சுகத்தைக் குறைக்கும். கல்லீரல் பரிசோதனை தேவை, ஓபியம் வகை வலி மருந்து எடுப்பவருக்கு ஆகாது. அகாம்ப்ரோசேட் 333 மி.கி., வேளைக்கு இரண்டாக மூன்று வேளை; கல்லீரலை உறுத்தாது, சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். ஆறு மாத்திரை என்பதால் மதிய வேளை விட்டுப்போகும். சாப்பாட்டு டப்பாவிலேயே வைத்து அனுப்புங்கள். கல்லீரல் சுருங்கியவர்களுக்குச் சில மருத்துவர்கள் பேக்லோஃபென் தருகிறார்கள். எதுவானாலும் குறைந்தது ஆறு மாதம், பலருக்கு ஒரு வருடம் வேண்டும்.

டைசல்ஃபிராம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இதைப் போட்டுக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, தலை வெடிப்பதுபோல் வலித்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கும். இதய நோய் உள்ளவர் இறந்தும் போகலாம். அந்தப் பயம்தான் அதன் மருந்துத்தன்மை. எனவே தெரிந்து, சம்மதித்து, கையெழுத்திட்டுச் சாப்பிடுபவருக்கு மட்டுமே அது பயன்படும். “அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுங்கள், குடியை மறந்துவிடுவார்” என்று விற்கப்படும் பொடிகளையும் சொட்டு மருந்துகளையும் தயவுசெய்து தொடாதீர்கள். பலவற்றில் என்ன இருக்கிறது என்று எழுதியிருப்பதில்லை, டைசல்ஃபிராமே இருந்தால் அவர் கடையிலேயே விழுந்து சாகலாம். உயிர் பிழைத்தாலும், வீட்டுச் சாப்பாட்டில் மருந்து கலந்தார்கள் என்று தெரிந்த பிறகு அந்த மனிதர் யார் கையால் சாப்பிடுவார்? கடைசி மாத்திரை போட்ட பிறகும் இரண்டு வாரம் வரை இதன் வேலை நீடிக்கும். இருமல் சிரப், அரிஷ்டம், ஆசவம் வகை மருந்துகளில் ஆல்கஹால் உண்டு. அதை டைசல்ஃபிராம் எடுப்பவர் மட்டுமல்ல, மீண்டுவரும் எவருமே தவிர்ப்பது நல்லது.

வீடு திரும்பிய பிறகு

டிஸ்சார்ஜ் நாளுக்கு முன்பே வீட்டில் இருக்கும் பாட்டில்கள், பைக் சீட்டுக்கு அடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், மாட்டுக் கொட்டகையில் ஒளித்தவை எல்லாம் போக வேண்டும். எங்கே ஒளித்தார் என்று அவரிடமே கேட்டு, அவர் முன்னாலேயே கொட்டுங்கள். பூச்சிமருந்தும் போகட்டும். குடியை நிறுத்திய ஆரம்ப வாரங்களில் மனச்சோர்வு ஆழமாக வரும். “நான் இருந்து என்ன பயன்” என்ற பேச்சைப் புலம்பலாக எடுக்காமல் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தூக்கம் வராது. முதல் மாதம் முழுக்க இரண்டு மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்திருப்பார். இது நோய் இறங்கும் வழி என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தால் சண்டை பாதியாகக் குறையும். மாலை நான்கு மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம், பகல் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம். இனிப்பு ஆசை அதிகம் வரும். சர்க்கரை நோய் இல்லையென்றால் கடலைமிட்டாய், வாழைப்பழம் கையில் இருக்கட்டும்.

பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நான்கில் இரண்டு சேர்ந்தால் குடிக்கும் ஆசை எழும். வழக்கமாகக் கடைக்குப் போகும் மாலை ஆறு, ஏழு மணியில் நான்குமே சேர்ந்திருக்கும். எனவே ஐந்தரை மணிக்குச் சாப்பாடு போடுங்கள். டிபன் இல்லை, வயிறு நிறையும் சோறு. இது எளிமையாகத் தெரிந்தாலும், இந்த வழிகாட்டியிலிருந்து ஒன்றை மட்டும் செய்வதானால் இதைச் செய்யுங்கள். ஆசை எழுந்தால் அது 20, 30 நிமிடத்தில் உச்சிக்குப் போய்த் தானே இறங்கும். அதுவரை தள்ளிப்போட வேண்டும்: ஒரு சொம்பு தண்ணீரோ மோரோ குடிப்பது, இடத்தை விட்டு எழுந்து நடப்பது, ஒருவருக்கு போன் செய்வது. அந்த ‘ஒருவர்’ யார் என்று மூன்று எண்களை முன்பே முடிவு செய்து போனில் முதலில் வையுங்கள்.

பணத்தில்தான் வீட்டில் அதிகம் உரசல். சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்கும் வேலையானால், முதல் மூன்று மாதம் மனைவியோ அண்ணனோ வேலை முடியும் நேரத்துக்கு அங்கே போய்க் கூட வீட்டுக்கு வரலாம்; அல்லது மேஸ்திரியிடம் சொல்லிப் பணத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லலாம். இதை அவர் சம்மதத்தோடு, “மூணு மாசத்துக்கு மட்டும்” என்று நாள் குறித்துச் செய்யுங்கள். தினச் செலவுக்குப் பஸ், டீ, ஒரு சாப்பாடு கணக்கிட்டுக் கொடுங்கள். பையில் ஒரு காசும் இல்லாமல் அனுப்பி அவமானப்படுத்தாதீர்கள். பழைய கடன்களை எழுதி, மாதாமாதம் சிறிது சிறிதாக அவரே போய்க் கொடுக்கட்டும். தலை நிமிர அதைவிட நல்ல வழி இல்லை.

வாயை முகர்ந்து பார்க்காதீர்கள். தாமதமாக வந்தால், “எங்க போனீங்க?” என்பதற்குப் பதில் “சாப்பிட்டீங்களா?” என்று கேளுங்கள், குடித்திருந்தால் அந்த ஒரு பதிலிலேயே தெரிந்துவிடும். பத்து வருடக் கணக்கைத் தீர்க்க இப்போது நேரம் இல்லை. உங்கள் கோபம் நியாயமானதுதான், அதைச் சொல்லவும் வேண்டும். கவுன்சலர் முன்னிலையில், மூன்றாம் மாதத்துக்குப் பிறகு சொல்லுங்கள். மனைவி மீது காரணமில்லாச் சந்தேகம் சிலருக்கு நிறுத்திய பிறகும் தொடரும். அது குணக்கேடு இல்லை, தனியாக மருந்து தேவைப்படும் அறிகுறி.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரனில் தொடங்கியது. இங்கே தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் இல்லை, பெயர் சொல்ல வேண்டியதில்லை. முதல் கூட்டம் பிடிக்கவில்லை என்றால் வேறு குழுவுக்குப் போகச் சொல்லுங்கள். குழுவுக்குக் குழு முகமும் பேச்சும் மாறும். நீங்கள் உள்ளே போய் உட்காராதீர்கள், வாசலில் விட்டுவிட்டு வாருங்கள்.

நண்பர்களுக்கு

கூடக் குடித்தவர்களால்தான் கெடுக்கவும் முடியும், காக்கவும் முடியும். கல்யாணம், காதுகுத்து, சாவு வீடு மூன்றும் அபாயமானவை. சாவு வீடு மிகவும். முதல் மூன்று மாதம் ராத்திரி விசேஷங்களை அவர் தவிர்க்கட்டும், மொய்யை நண்பர் கொண்டுபோய் எழுதிவிடலாம். போயே ஆக வேண்டிய சாவு என்றால், காலையில் போய் மாலை போட்டுவிட்டு, எடுக்கும் முன் கிளம்புவது என்று ஒரு குடிக்காத நண்பர் கூடப் போய்வர வேண்டும். யாராவது நீட்டினால் பேச வேண்டியவர் நீங்கள்: “மாப்ள மாத்திரை சாப்பிடுறான், குடுக்காத.” ‘ஒரு பீர் ஒன்னும் பண்ணாது’ என்பவரை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும். கிரிக்கெட், மீன்பிடி, வண்டி சர்வீஸ் என்று எதற்காவது கூப்பிடுங்கள். அறிவுரைக்காக மட்டும் போன் செய்யும் நண்பரின் அழைப்பை அவர் நாளடைவில் எடுக்க மாட்டார்.

மறுபடி குடித்துவிட்டால்

முதல் வருடத்துக்குள் ஒரு தடவையாவது குடித்துவிடுபவர்கள் பாதிக்கு மேல். சர்க்கரை ஏறிவிட்டால் மருந்தைச் சரிபார்ப்பதுபோல இங்கும் சரிபார்க்க வேண்டும். ஒரு நாள் குடித்ததற்கும் மறுபடி தினக்குடிக்குத் திரும்பியதற்கும் நடுவில் இருக்கும் இரண்டு மூன்று நாட்கள்தான் உங்கள் கையில் இருக்கின்றன. அன்று ராத்திரி எதுவும் பேசாதீர்கள். மறுநாள் காலை சாப்பாடு போட்டுவிட்டு, “நேத்து எங்க ஆரம்பிச்சுது?” என்று கேட்டு, யார், எங்கே, எத்தனை மணி, முந்தின வேளை சாப்பிட்டாரா, மாத்திரை எப்போது நின்றது என்று அதே நோட்டில் எழுதுங்கள். பெரும்பாலும் மாத்திரை இரண்டு மூன்று வாரம் முன்பே நின்றிருக்கும். மூன்று நாளுக்குள் மருத்துவரைப் பாருங்கள். தொடர்ந்து சில நாள் குடித்துவிட்டார் என்றால் மறுபடி வீட்டில் சட்டென்று நிறுத்த வேண்டாம். அடுத்தடுத்து நிறுத்தும்போது வலிப்பு வரும் வாய்ப்பு முன்பைவிடக் கூடுகிறது.

துணை நிற்பவர்களின் பாதுகாப்பு

அடி விழும் வீட்டில் மேலே சொன்ன பொறுமையான பேச்செல்லாம் இரண்டாம் பட்சம். ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் சான்றிதழ், கொஞ்சம் பணம், மாற்றுத்துணி ஒரு பையில் பக்கத்து வீட்டிலோ அம்மா வீட்டிலோ இருக்கட்டும். பெண்கள் உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுக்கலாம். நீங்கள் அந்த வீட்டில் தொடர்ந்து வசிக்கும் உரிமையையும் அந்தச் சட்டம் காக்கிறது. புகார் கொடுத்தால் சிகிச்சை கெட்டுவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கு அல்-அனான், பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன் என்று தனிக் குழுக்கள் உண்டு. அவர் சிகிச்சைக்கு வராவிட்டாலும் நீங்கள் போகலாம். உங்கள் தூக்கமும் ரத்த அழுத்தமும் கெட்டிருந்தால் அதே ஆஸ்பத்திரியில் உங்களுக்கும் ஒரு சீட்டு போடுங்கள்.

பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம், அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். “அப்பாவுக்குக் குடிநோய். அது உன்னால வரல, உன்னால சரி பண்ணவும் முடியாது. டாக்டர் பாக்குறாங்க” என்று வயதுக்கேற்றபடி சொல்லுங்கள். அப்பா கடைக்குப் போனாரா என்று வேவு பார்க்கவும், “அப்பாகிட்ட போய்ச் சொல்லு” என்று தூது போகவும் அவர்களை வைக்காதீர்கள். பரீட்சை நேரத்தில் வீட்டில் சத்தம் இருக்கும் என்று தெரிந்தால், அந்த இரண்டு வாரம் அவர்கள் படிக்கவும் தூங்கவும் பாட்டி வீட்டிலோ தோழி வீட்டிலோ முன்கூட்டியே இடம் பேசி வையுங்கள். வகுப்பு ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.